கடுகு கேட்டுப் போன அம்மா

கிசா கோதமியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இல்லையென்றால் ஏதாவது துக்க வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். செத்துப்போன குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து கேட்டு அலைகிறாள் ஒரு தாய். 'சாவே விழாத வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை கடுகு வாங்கி வா' என்று அனுப்புகிறார் புத்தர். சிராவஸ்தி நகரத்தில் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். அப்படி ஒரு வீடு அகப்படவில்லை. புரிந்துகொள்கிறாள், பிக்குணி ஆகிறாள். முற்றும்.

நானும் ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துத் தெருவில், பதினோரு வயசுப் பையனைக் காய்ச்சலில் பறிகொடுத்த ஓர் அம்மாவிடம். காரியமெல்லாம் முடிந்த பிறகு போயிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எல்லா வீட்லயும் சாவு விழுந்திருக்கு, சரிங்க. அதுக்காக எம்புள்ள போனது கம்மியாயிடுமா?"

என்னிடம் பதில் இல்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் கேள்வி விடவில்லை. புத்தர் இவ்வளவு மேலோட்டமாகவா ஆறுதல் சொல்லியிருப்பார்? புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, நாம் சொல்கிற கதையில் பாதியைத்தான் சொல்கிறோம்.

கடுகுக் கதை வருவது பின்னால் எழுந்த உரைகளில். கிசா கோதமியின் பேரில் ஒரு பாட்டும் இருக்கிறது. அது பாலி மொழியில் உள்ள தேரிகாதையில் வருகிறது. பழங்காலப் பிக்குணிகள் பாடிய 73 பாடல்களின் தொகுப்பு அது. 1909-ல் கரோலின் ரைஸ் டேவிட்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 2015-ல் சார்லஸ் ஹாலிஸியின் மொழிபெயர்ப்பு வந்தது. படிக்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

அந்தப் பாட்டில் கடுகே இல்லை!

எதில் ஆரம்பிக்கிறது தெரியுமா? நல்ல நண்பர்களின் பெருமையில். அப்புறம் பெண்ணாகப் பிறந்த கஷ்டங்கள் வருகின்றன. சக்களத்தியோடு வாழ்வது, பிரசவ வேதனை, தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொள்கிறவர்கள் என்று எதையும் பூசி மெழுகவில்லை. அதற்குப் பிறகு, வழியில் செத்துக் கிடக்கும் புருஷன், பறிபோன இரண்டு பிள்ளைகள், ஒரே சிதையில் எரிகிற அப்பா, அம்மா, அண்ணன். இது படாசாரா என்ற இன்னொரு பிக்குணியின் கதையோடு பொருந்துகிறது. அதாவது, அடுத்தவள் துக்கம் இவள் வாயில் தன் துக்கம்போல வருகிறது. ஏடு எழுதினவர் கலந்துவிட்டார் என்று இதை ஒதுக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டவள் வேறு எப்படிப் பாடுவாள்?

உரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவள் ஏழை வீட்டுப் பெண். புகுந்த வீட்டில் மதிப்பில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் மரியாதை கிடைத்தது. பிள்ளை போனால் அதுவும் போச்சு. நாம் கதை சொல்லும்போது இதையெல்லாம் வசதியாக வெட்டிவிடுகிறோம்.

இப்போது கடுகுக்கு வாருங்கள். கிடைக்காத மூலிகை எதையாவது கேட்டிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். கடுகு எல்லார் அடுப்படியிலும் இருக்கும், யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். கதவு திறக்கும். உள்ளே இருப்பவள் கையில் கடுகோடு வருவாள். 'உங்க வீட்டுல யாராவது தவறியிருக்காங்களா?' என்று கேட்டதும் அந்தக் கை நின்றுவிடும். அவள் தன் கதையைச் சொல்வாள். இப்படி ஒரு நாள் முழுக்க. எல்லாரும் சாகத்தானே வேண்டும் என்பதைப் புத்தர் ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கலாம். நான் சொன்னேனே, அந்த மாதிரி. அவர் சொல்லாமல் நடக்க வைத்தார். மருந்து அந்த நடையில் இருந்தது.

ஒரு குறையும் உண்டு. அவள் துறவியாகிவிட்டாள். சோறு வடிக்க வேண்டிய, பாக்கிப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டிய அம்மா எங்கே போவாள்? இதற்குக் கதையில் பதில் இல்லை. வேறொரு சூத்திரத்தில் இருக்கிறது. நல்ல நட்பு என்பது இந்த வழியில் பாதி என்கிறார் ஆனந்தர். பாதி இல்லை, முழுதும் அதுதான் என்று திருத்துகிறார் புத்தர். சொன்னது பிக்குகளுக்கு. குடும்பஸ்தர்களுக்கும் பொருந்தும் என்பது என் கட்சி.

சில மாதம் கழித்து அந்த அம்மா வீட்டுக்கு மறுபடி போனேன். கதை எதுவும் சொல்லவில்லை. "பையனைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றேன். ஒரு மணி நேரம் பேசினார். நடுவில் ஒரு தடவை சிரித்தார்கூட. துக்கம் கம்மியாயிற்றா? தெரியாது. கிளம்பும்போது, "அடிக்கடி வாங்க" என்றார்.

அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போனால் தயவுசெய்து கடுகுக் கதையைச் சொல்லாதீர்கள். அந்தக் கதையில் கதவைத் திறக்கிற ஆளாக இருந்துவிட்டு வாருங்கள், போதும்.