கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

பழைய லேப்டாப் வாங்கப் போனால் உடனே மூடியைத் திறக்காதீர்கள். முதலில் கவிழ்த்துப் பாருங்கள். திரையில் கடைக்காரர் மலையும் ஏரியுமாக ஒரு படம் போட்டு வைத்திருப்பார். அடிப்பக்கத்தை யாரும் ஜோடிப்பதில்லை. மாடல் எண், திருகுகள், ரப்பர் கால்கள், காற்றுப் போகும் சல்லடை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பல மாடல்களில் தயாரித்த தேதியும் இருக்கும். மூலைகள் நசுங்கியிருந்தால் பையில் ஊர் சுற்றிய இயந்திரம். திருகின் தலை வழுக்கியிருந்தால் யாரோ ஓர் அவசரக்காரர் ஏற்கெனவே திறந்து பார்த்திருக்கிறார். சல்லடையில் பஞ்சுபோல் தூசு அடைத்திருந்தால் உள்ளே விசிறி எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரின் கேலாங்கில் டுரியான் வாங்குகிறவர்களைக் கவனியுங்கள். காம்பைப் பார்த்து, முகர்ந்து, காதருகே ஆட்டிப் பார்க்காமல் காசை நீட்ட மாட்டார்கள். அதே ஆள் சில நூறு வெள்ளிக்கு லேப்டாப் வாங்கும்போது மட்டும் விலைச்சீட்டைப் படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். ஐ7, 16 ஜிபி, 512 ஜிபி. மூன்று எண்களோடு தேர்வு முடிந்தது! அந்த மூன்றில் பின்னால் மாற்றக்கூடியவையும் உண்டு. எது மாற்றவே முடியாதோ, மாற்றினால் கையைக் கடிக்குமோ, அதைத்தான் கடையில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். திரை, விசைப்பலகை, கீல், உடம்பு. எஸ்எஸ்டியும் பேட்டரியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் காசு குறைவு என்றால் புதிய மலிவு லேப்டாப்பைவிட, பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்த இயந்திரமே மேல். லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலீட்புக் ஆகியவை இந்த இனம். பழுது பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டவை; எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்று சொல்லும் கையேடுகளை அந்த நிறுவனங்களே பொதுவில் வைத்திருக்கின்றன. ஆர்ச்சர்டில் பளபளக்கும் விளம்பரங்களில் இவற்றைக் காண முடியாது. இரண்டாம் கைக் கடைகளிலும், கேரோசெல் இணையச் சந்தையில் பேசி முடித்து அல்ஜுனிட், பாய லேபார் எம்ஆர்டி வாசலில் கைமாறும் பைகளிலும்தான் இவை இருக்கும்.

2018-ல் வந்த திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்வோம். வெளித்தோற்றம் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். 1992-ல் ஐபிஎம் முதல் திங்க்பேடுகளை வெளியிட்டபோது ரிச்சர்ட் சாப்பர் என்ற வடிவமைப்பாளர் ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டியை மனத்தில் வைத்து வரைந்த உருவம் அது. 2005-ல் லெனோவோ கைக்குப் போன பிறகும் பெரிதாக மாறவில்லை. கவிழ்த்தால் அடியில் சின்ன வடிகால் துளைகள் தெரியும். விசைகள்மேல் தண்ணீர் கொட்டினால் உள்ளே தேங்காமல் இறங்கி ஓட வழி. மூடியின் திருகுகளைத் தளர்த்தினால் அவை உருண்டு ஓடாமல் மூடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே ரேம் பொருத்த இரண்டு இடங்கள். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கையாலேயே கழற்றக்கூடிய இன்னொன்று. இப்படி இரட்டைப் பேட்டரியோடு வந்த கடைசி டி வரிசைத் தலைமுறை இதுதான். அடுத்த ஆண்டு வந்த டி490-இல் ரேமில் ஒரு பகுதியைப் பலகையிலேயே பற்றவைத்துவிட்டார்கள். வடிவமைத்த பொறியாளரின் மனத்தைப் படிக்கிற மாதிரி அடிமூடியைப் படிக்கப் பழகினால் எந்த பிராண்டானாலும் வழி தெரியும்.

இப்போது மூடியைத் திறக்கலாம். ஒரு கையால் மெதுவாகத் திறந்து, பாதியில் விடுங்கள். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். மேசையை லேசாகத் தட்டினால் திரை தலையாட்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

திரையில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று விதத் திரைகள் இருக்கும், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டி480-லேயே 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட மலிவுத் திரையும் உண்டு, 1920-க்கு 1080 கொண்ட ஐபிஎஸ் திரையும் உண்டு. மலிவுத் திரையைக் கீழிருந்து பார்த்தால் நிறங்கள் இருண்டு, முகங்கள் கருகிப்போகும். ஆங்கிலம் மட்டும் படிப்பவர் 768-ஐயும் சமாளித்துவிடுவார். தமிழ் படிக்கிறவருக்கு ஆகாது. ஏதாவது தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்து எழுத்தைச் சிறிதாக்குங்கள். ‘ணை’, ‘ஞ’, ‘ஸ்ரீ’, ‘ஐ’ ஆகியவற்றின் சுழிகளுக்குள் வெளிச்சம் தெரிகிறதா, அடைத்துக்கொண்டு பொட்டாக நிற்கிறதா? இதைவிட நல்ல கண் பரிசோதனை எனக்குத் தெரியாது. நா. கோவிந்தசாமி கணியன் தமிழ் மென்பொருளை உருவாக்கிய ஊரில், 1997-ல் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு கூடிய ஊரில் இருந்துகொண்டு, தமிழ் சரியாகத் தெரியாத திரையை வாங்கலாமா?

பிறகு வெள்ளைப் பக்கம் ஒன்று, கறுப்புப் பக்கம் ஒன்று. வெள்ளையில் மஞ்சள் படர்ந்த மூலை, விசைகள் அழுந்திய தடம் தெரியும். கறுப்பில் ஓரங்களில் கசியும் வெளிச்சம் தெரியும். திங்க்பேடில் விசைகளுக்கு நடுவே இருக்கும் சிவப்புக் குமிழ் திரையில் ஒரு புள்ளியை ஒற்றி வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். திரையை மாற்றலாம்தான். பாகத்துக்கும் கூலிக்கும் கொடுத்து முடித்தால் மலிவாக வாங்கிய லாபம் அதிலேயே போய்விடும்.

விசைப்பலகையில் ஒரு குட்டி விசாரணை நடத்தலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்பேஸ் விசையின் ஒரு பக்கம் மட்டும் மினுங்கினால், முந்தைய ஆள் எந்தக் கட்டைவிரலால் தட்டினார் என்பதுகூடத் தெரிந்துவிடும். மினுங்கல் குற்றமில்லை. ஆனால் ‘பேட்டரி புதுசு மாதிரி, ரொம்பப் பாவிக்கல’ என்று விற்பவர் சொல்லும்போது அந்த மினுங்கல் வேறு கதை சொல்லும். எல்லா விசையையும் ஒருமுறை தட்டுங்கள். நீங்கள் தமிழ்99-இல் தட்டுகிறவர் என்றால் இரண்டு பத்தி தட்டியே பாருங்கள். இடது கை உயிரெழுத்துக்கும் வலது கை மெய்க்கும் போய் வரும்போது எந்த விசை இடறுகிறது என்று விரலே சொல்லும்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. ஐ7 என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். ஐ7-7500யூ-வில் இரண்டு கோர். அதற்கு அடுத்த தலைமுறை ஐ5-8250யூ-வில் நான்கு. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025-ல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஏழும் ஆறும் இப்போது கொள்ளை மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் காரணம். லினக்ஸ் போடத் தெரிந்தவர்களுக்கு அது அதிர்ஷ்டம், மற்றவர்களுக்குத் தலைவலி.

பேட்டரிக்கு விண்டோஸே ஓர் அறிக்கை தரும். புதிதில் 50 வாட்-அவர் பிடித்தது இப்போது 40 பிடிக்கிறது என்றால் பரவாயில்லை. 25 என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பூட்டில். அலுவலகத்திலிருந்து வந்த இயந்திரத்தை அந்த நிறுவனம் தன் பட்டியலிலிருந்து முறைப்படி நீக்காமல் விட்டிருக்கலாம். கடையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒருநாள் நீங்கள் ரீசெட் செய்து வைஃபையில் இணைத்த பிறகு, யாரோ ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டு அலுவலக மின்னஞ்சலைக் கேட்கும். ஆகவே, “ஒருமுறை ரீசெட் பண்ணி, வைஃபை போட்டுக் காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். “நேரமாகும் தம்பி” என்பார். ஆகட்டும். பக்கத்துக் காப்பிக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். பயாஸ் கடவுச்சொல் இல்லை என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மேக் என்றால் முந்தையவரின் ஆப்பிள் கணக்கு நீங்கியிருக்க வேண்டும்.

கடையில் வாங்குவதற்கும் கேரோசெலில் தனி ஆளிடம் வாங்குவதற்கும் விலையில் இருக்கும் வித்தியாசத்துக்கு ஒரு காரணம் சட்டம். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன் லா’ இரண்டாம் கைப் பொருளுக்கும் பொருந்தும்: வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்று, அது ஆகாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம். பயன்பாட்டில் வரும் தேய்மானத்துக்கு இது பொருந்தாது, தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதற்கும் பொருந்தாது. 2014-ல் சிம் லிம் ஸ்குவேர் கடை ஒன்றில் வெளிநாட்டுப் பயணி மண்டியிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்ட காணொளி பலருக்கு நினைவிருக்கும். அந்த நிலைக்குப் போகாமலிருக்க, ரசீதில் மாடலோடு அடிப்பக்கத்துச் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் கேஸ் என்ற பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது.

ஊரில் படிக்கிற பிள்ளைக்கு அனுப்பத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். போட்டிருந்தால் இந்தியாவிலும் வேலை செய்யும். சுவரில் செருகும் ஒயரை மட்டும் ஊரில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நம் சதுர மூன்று முனைப் பிளக் அங்கே ஏறாது.