சங்கருக்கு இரும்புக் கவசம் எதற்கு?

கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையின் இளைய நாயகன் சங்கருக்கு ஓர் இரும்புக் கவசமும் முகமூடியும் மாட்டிவிட்டால் போதும், தமிழ் அறிவியல் புனைவுக்கான வீரன் தயார் என்றொரு பேச்சு கோவை, ஈரோடு பக்கத்து இலக்கிய வட்டங்களில் கொஞ்ச காலமாக அடிபடுகிறது. வெள்ளைக்காரன் வைத்திருக்கும் பேசாத, அசையாத, சொன்ன சொல் தவறாத விண்வெளி வீரன் அண்ணன்மார் விழுந்த நம் படுகளத்திலேயே கிடக்கிறானாம். தூக்கி நிறுத்த ஆள்தான் இல்லையாம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர்கள் அண்ணன்மார் கதையையும் சரியாகக் கேட்டதில்லை, தாங்கள் மெச்சும் அந்த அயல்நாட்டு வீரர்களையும் சரியாகப் பார்த்ததில்லை என்பதே என் எண்ணம்.

அவர்கள் எடுத்துவைக்கும் உதாரணங்களையே பார்க்கலாம். 1997இல் தொடங்கிய 'ஸ்டார்கேட்' தொடரின் டீல்க் யார்? கடவுள் வேடமிட்ட ஒரு வேற்றுக்கோள் அரசனுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் செத்துக்கொண்டிருந்த அடிமைப் படையின் தளபதி. நெற்றியில் எசமானின் முத்திரை பொன்னில் பதிந்திருக்கிறது. சிறைப்பட்டவர்களைக் கொல்லச் சொன்ன ஒரு நொடியில் ஆயுதத்தைத் தன் ஆட்கள் பக்கமே திருப்புகிறான். 2019இல் வந்த 'மாண்டலோரியன்' கூலிக்குத் தலை பிடித்துத் தருபவன். அவனும் பிடித்துக் கொடுத்த குழந்தையைத் திரும்பப் போய்த் தூக்கிவருகிறவன்தான். இவர்களில் எவனும் சங்கரைப்போல் பண்ணைக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. இவர்கள் வாய் திறக்காமல் இருப்பது குணத்தால் அல்ல. பேச இடம் தரப்படாத வாழ்க்கையிலிருந்து வந்த பழக்கம் அது.

தமிழில் அறிவியல் புனைவு வீரனின் ஆரம்ப அத்தியாயங்களுக்கு அதிக நேரம் தேவையில்லை. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கூட்டில் எடுத்த 'காடு' படத்தில் மயிரடர்ந்த ஆதி யானைகள் வந்தன. வீரன் வேட்டைக்காரனாகவே நின்றுவிட்டான். 1963இல் 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர். வேற்றுக்கோளுக்கே போய்க் காதலியை மீட்டார். இடம்தான் மாறியது, ஆள் பழைய எம்.ஜி.ஆர்.தான். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடம்பு மறைந்துபோகும் ஒருவன், நிழற்படை என்ற உளவுப் படைக்கு உழைக்கிறான். பிரிட்டிஷ் மூலத்தில் 1962இல் அவன் குற்றவாளியாகத் தொடங்கியவன் என்பதையும் கவனிக்க வேண்டும். கடமை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எண்பதுகளில் லயன் காமிக்ஸில் வந்த இயந்திர மனிதன் ஆர்ச்சி சரியான வாயாடி. என் தலைமுறைப் பையன்கள் அவனை நேசித்தார்கள், அந்த நேசத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடக்கத்துக்கும் அவனுக்கும் எட்டாத தூரம்.

இனி அண்ணன்மாருக்கு வருவோம். உடுக்கடிப் பாட்டாக இரவிரவாகப் பாடப்படும் இந்தக் கதையை 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் ஒலிப்பதிவு செய்தவர் மானுடவியலாளர் பிரெண்டா பெக். 1982இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1992இல் முழுக் கதையும் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேறியது. பின்னாளில் 26 பகுதி அசைபடத் தொடராகவும் ஆக்கினார். இத்தனை கையருகில் இருந்தும், சங்கர் என்றால் பாறைபோல் அசையாத வீரன் என்று எப்படித்தான் எண்ணம் வந்ததோ. பொறுமைசாலி மூத்தவர் பொன்னர். சங்கர் தொட்டால் பொங்குகிறவன். முதலில் வாள், அப்புறம்தான் கேள்வி. அவனுடைய விசுவாசம் முழுக்கத் தன் நாட்டுக்கும், உழுது திருத்திய மண்ணுக்கும், குலத்துக்கும் உரியது. எதிரில் நிற்கும் வேட்டுவர்களுக்கோ அதே மண் காடாக இருந்த காலத்து உரிமை. சொத்தைக் காப்பவனின் வீரம் அது. அதற்கும் பெருமை உண்டு, மறுக்கவில்லை. 2011இல் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடமிட்ட 'பொன்னர் சங்கர்' அந்தப் பெருமையை அரண்மனையாகவும் படை பரிவாரமாகவும் ஊதிப் பெருக்கியது. அதற்கு மேல் ஒரு கவசம் வேறு எதற்கு?

இந்தக் கதையில் நிஜமாகவே வாய் திறக்காமல் நிற்கிற ஒருவன் இருக்கிறான். சாம்புவன். தாழ்த்தப்பட்ட குலத்தவன், அண்ணன்மாரின் முதல் வேலையாள், போருக்கும் வேட்டைக்கும் முரசோடு கூடவே போகிறவன். ஆபத்தான காரியம் என்றால் முதலில் கூப்பிடப்படுவது அவன் பெயர்தான். கடைசிப் போரில் ஆயுள் முடிந்ததென்று தெரிந்து சங்கர் தன் வாள்மேல் விழுகிறான். அதைக் கண்ட பொன்னரும் விழுகிறார். சங்கரின் சாவுக்கு விதி இருக்கிறது: பதினாறு வயது என்று பிறக்கும்போதே விதித்த கணக்கு. பொன்னரின் சாவுக்கு உடன்பிறப்புப் பாசம் இருக்கிறது. அவர்களைத் தொடர்ந்து சாம்புவனும் சாகிறான். அவனுக்கு என்ன இருக்கிறது? கதை அதை விளக்க மெனக்கெடுவதில்லை. வீரப்பூர் மாசித் திருவிழாவில் அவனுக்கும் மரியாதை உண்டு. கும்பிடுகிறோம், காரணம் மட்டும் கேட்பதில்லை.

அவனோடு பொன்னாச்சியையும் சேர்க்க வேண்டும். கொம்பன் என்ற காட்டுப் பன்றியை வேட்டையாடப் போகும்போது அண்ணன்மார் அத்தனை நாய்களையும் அழைத்து, இந்தச் சிறிய பெண் நாயை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அவள் கோபத்தால் காரியம் கெடுகிறது. பிறகு மன்னிப்புக் கேட்டு அழைத்துவர, பெருநாய்களால் ஆகாத பன்றியைக் கடிக்கக் கூடாத இடத்தில் கடித்து மடக்குகிறாள். குத்திக் கொன்ற பெயர் சங்கருக்கு. விசுவாசம் என்பது மரியாதைக்குப் பதிலாகக் கிடைப்பது, சும்மா கிடைப்பதல்ல என்று இந்தக் கதையில் எசமானுக்குப் பாடம் நடத்துவது அந்த நாய் ஒன்றுதான்.

சுஜாதா இந்தக் கதையைக் கேட்டாரா என்பது முக்கியமில்லை. எண்பதுகளில் 'என் இனிய இயந்திரா'வில் அவர் படைத்த ஜீனோவும் ஒரு குட்டி நாய்தான், இயந்திர நாய். தமிழ் அறிவியல் புனைவின் ஒரே உண்மையான வீரன் அது என்று நான் அடித்துச் சொல்வேன். ஜீவாவின் சர்வாதிகார ஆட்சி. கணவன் சிபி காணாமல்போய்த் தவிக்கும் நிலா. அவள் வீட்டுக்கு வருகிற ரவி, அவனோடு வந்த ஜீனோ. உடைமையாகப் பார்த்தால் நாய் ரவியுடையது. ஆனால் நாவல் நகர நகர அது நிலாவின் பக்கம் சாய்கிறது. புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, குறும்பாகப் பேசுகிறது, பயத்தைக் காட்டிக்கொள்வதில்லை. புரட்சி செய்த ரவியும் மனோவும் நிலாவைப் பொம்மை ராணியாக்கி நாட்டைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கும்போது, 'மீண்டும் ஜீனோ'வில் தன் பழைய எசமானுக்கே எதிராக அந்த நாய் நிற்கிறது. மார்தட்டல் கிடையாது, ஆவேச வசனமும் கிடையாது. டீல்க் தன் கடவுளை விட்டு விலகியதற்குச் சுமார் பத்தாண்டு முன்னால் தமிழில் நடந்த விலகல் இது. நம் விமர்சகர்கள் இதைக் குழந்தைத்தனமான வேடிக்கை என்று ஓரங்கட்டினார்கள். தூர்தர்ஷனில் தொடராக வந்ததும் அந்த முத்திரை இன்னும் அழுத்தமாக விழுந்துவிட்டது.

அதே சுஜாதாவின் கை பட்ட 'எந்திரன்' (2010) எனக்குத் தீராத மனக்குறை. தொடக்கம் அபாரம். ராணுவத்துக்கென்று படைக்கப்பட்ட எந்திரம் சிட்டி, சோதனைக் கூடத்தில் விஞ்ஞானி போரா சொன்னதும் தன்னைப் படைத்த வசீகரன்மீதே கத்தியை ஓங்குகிறது. கட்டளைக்கும் அறத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை இதைவிடச் சுருக்கமாகத் தமிழ் சினிமா காட்டியதில்லை. அந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புகிறார்கள்? காதலால். உணர்ச்சி வந்த சிட்டிக்கு நீதி தோன்றவில்லை, வசீகரனின் காதலி சனா தோன்றுகிறாள். அப்புறம் சிவப்புச் சில்லு, வெறியாட்டம், நூறு ரஜினிகள். விசுவாசம் மாற ஒரு சில்லை மாற்றினால் போதும் என்றால் விசுவாசத்துக்கு என்ன பொருள்? இறுதியில் சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றிவைக்கும் காட்சி மட்டும் படுகளத்துக்கு நிகரானது. 2018இல் '2.0'வில் நிலா என்ற பெண் இயந்திரம் சிட்டியை மறுபடி எழுப்புவதும் தங்கை தங்காள் தண்ணீர் தெளித்து அண்ணன்மாரை எழுப்புவதன் மறுவடிவம்தான். ஆனால் எழுந்த சிட்டி பஞ்ச் வசனம் பேசுகிறது.

இன்று களம் காலியாக இல்லை. ஜெயமோகனின் 'விசும்பு' கதைகள் அறிவியல் புனைவை நம் மரபுச் சிந்தனையோடு பிணைத்துக் காட்டின. 'அரூ' இதழ் 2019 முதல் நடத்திய சிறுகதைப் போட்டிகள் புதியவர்களை அழைத்துவந்தன. நான் படித்தவரை இவற்றில் விஞ்ஞானிகளும் தத்துவவாதிகளும் நிறையவே இருக்கிறார்கள். ஏவல் செய்கிறவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. யோசிப்பவன் கதை எழுதுகிறான், அதனால் யோசிப்பவனே நாயகனாகிறான். இந்தச் சிறு சோம்பலைக்கூட மன்னிக்கலாம். ஆனால் இந்த இடைவெளியில்தான் சங்கருக்குக் கவசம் தைக்கும் கோஷ்டி புகுந்துகொள்கிறது. அவர்கள் கேட்பது குலப் பெருமைக்கு ஒரு விண்கலம். அறிவியல் புனைவு அல்ல.

கொங்கு நாட்டிலிருந்து ஒரு விண்வெளி வீரன் வரத்தான் வேண்டும் என்றால், எழுத உட்காருகிறவர் சங்கரை விட்டுவிட்டுச் சாம்புவனிடம் போகட்டும். இரண்டு எசமானர்களும் விழுந்துவிட்டார்கள், முரசு இன்னும் அவன் கையில் இருக்கிறது, ஏவ யாருமில்லை. அவன் ஏன் செத்தான் என்று உடுக்கடிப்பவர் சொல்லாமல் விட்டதை எழுதுங்கள். சாகாமல் எழுந்து நடந்திருந்தால் எந்தப் பக்கம் நடந்திருப்பான் என்பதையும் எழுதுங்கள். பட்டறையும் லேத்தும் நிறைந்த கோவையில், எதிர்காலத்து வேலையாள் எப்படி நிற்பான், எப்போது மறுப்பான் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வெளிநாட்டுத் தொடர் எதுவும் தேவைப்படாது.