வேட்கையும் கிளவியும்: அகப்பொருள் மரபு பற்றிய ஒரு மறுநோக்கு

சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்துக்குப் புத்துரை வரைந்தவர். சைவ ஒழுக்கத்தைப் போற்றிய யாழ்ப்பாணக் கல்வி மரபில் நின்ற அறிஞரொருவர் களவுப் புணர்ச்சியைத் தயக்கமின்றி வகைப்படுத்தி விளக்க முடிந்தமை மனங்கொளத்தக்கது. இலக்கணமாகக் கொள்ளப்பட்டவிடத்துக் காமம் கற்பிக்கத் தகுந்ததாயிற்று. அதுவே அயல்வீட்டுப் பெண்ணின் உணர்வாகும்போது பேசத்தகாததாயிற்று. இவ்விரட்டை நிலைக்கான வேர் அகப்பொருள் மரபிலேயே உள்ளதா என்பது ஈண்டு ஆராயப்படும்.

பெண்ணுக்கு வேட்கை இல்லையென அம்மரபு யாண்டும் கூறவில்லை. ஐந்திணை ஒத்த காமம் எனப்பட்டது. ஒருதலைக் காமம் கைக்கிளையாக ஒதுக்கப்பட்டது. தொல்காப்பியம் தடுப்பது வேட்கையின் கிளவியையே. தலைவி தன் விருப்பத்தைத் தலைவன்முன் எடுத்துரைப்பதில்லை. புதுக்கலத்தில் வார்த்த நீர் புறத்தே கசிவதுபோல அது குறிப்பால் புலப்படும் என உரையாசிரியர் விளக்குவர். உவமை அழகியதே. ஆயினும் அக்கசிவைக் கண்டு பொருள் கூறுவோர் யாவர்? தலைவன், தோழி, செவிலி. பெண்ணின் விருப்பத்தை அவளொழிந்த ஏனையோர் வாசிக்கும் உரிமை பெறுகின்றனர். அவளது மௌனம் ஒருவருக்கு வேட்கையின்மையாகவும் மற்றொருவருக்குச் சம்மதமாகவும் தோன்றலாம். பிற்காலச் சமூகம் இவ்விரு வாசிப்புகளையும் வேண்டியவாறு கையாண்டது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம், கணவனின் வன்புணர்வைக் குற்றமாகக் கொண்டது நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்ட தம்பதியர் அளவிலேயே. ஏனைய மனைவியரின் மௌனமும் மறுப்பும் அச்சட்டத்தின்முன் ஒரே பொருளின.

இத்தனைக்கும் மருதத்திணையில் வாயில் மறுத்தல் ஒரு துறை. பரத்தையிடமிருந்து மீண்ட தலைவனை மனைவி ஏற்க மறுக்கலாம் எனப் புலவர்கள் அறிந்திருந்தனர். வெள்ளிவீதியார் இன்னும் ஒருபடி அப்பாற் செல்கிறார். குறுந்தொகை 27ஆம் பாடலில், எவருக்கும் பயன்படாது மண்ணிற் சிந்திய பசும்பாலைத் தலைவியின் நலனுக்கு உவமையாக்குகிறார். அந்நலன் தனக்கும் பயனின்றித் தலைவனுக்கும் பயனின்றிப் போவதாகத் தலைவி வருந்துகிறாள். இவ்வரிசை நோக்கற்பாலது: முதலில் நிற்பவள் அவளே. காமம் தலைவனுக்கு அளிக்கப்படும் பொருள் என்னும் எண்ணம் இங்குக் குலைகிறது. நம் வகுப்பறைகளிலோ இப்பாடல் பசலைக்கு எடுத்துக்காட்டு என்ற அளவில் முடிந்துவிடுகிறது.

வேட்கை சூழலால் வளர்வதும் தேய்வதும் சங்கப் பாடல்களில் பரவலாகக் காணப்படும் செய்தி. இற்செறிப்பு, அலர், பொருள்வயிற் பிரிவு யாவும் புறக்காரணங்களே. கனடிய மருத்துவர் றோஸ்மேரி பசன் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்தும் ஈண்டு உதவும். நெடுநாள் உறவில் பெண்ணின் வேட்கை எப்போதும் முன்னதாகத் தோன்றுவதில்லை. நெருக்கம் தொடங்கிய பின்னரும் எழலாம். உறவின் தன்மை அதனைப் பெரிதும் தீர்மானிக்கும். களைப்பு, அச்சம், மனச்சோர்வு, அதற்கான சில மருந்துகள், பாலூட்டும் காலம் ஆகியன அதனைக் குறைக்கக்கூடும். இதனைச் சங்கப் புலவர் முன்பே கண்டறிந்துவிட்டனர் என்று மார்தட்டுவது வீண்பெருமை. விருப்பமின்மையை உடற்குறையாகவோ ஒழுக்கமாகவோ மட்டும் கொள்ளாது வீட்டின் நிலையையும் விசாரிக்கவேண்டும் என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

அவ்விசாரணை நம் பிரதேசத்தில் இன்னும் நிகழவில்லை. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி சீதன வீடு மனைவியின் உடைமை. அதனை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் பெயர்ந்தபோது சுன்னாகத்தவரும் பாடசாலைகளிலும் உறவினர் வீடுகளிலும் ஒண்டினர். பல தம்பதியருக்கு மூடிக்கொள்ள ஒரு கதவுகூட இருக்கவில்லை. இடப்பெயர்வை இழப்பின் வரலாறாக எழுதிய நாம், தாம்பத்தியத்துக்கு நேர்ந்தது யாதெனக் கேட்கவில்லை.

முற்போக்கு விமர்சனமும் இக்குறைக்கு விலக்கன்று. யாழ்ப்பாணம் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுதியைச் சமத்துவக் கோரிக்கையாக வாசிப்பது எளிது, அவ்வாசிப்புத் தவறுமன்று. ஆயின் அதிலுள்ள அ. சங்கரியின் ‘அவர்கள் பார்வையில்’ கவிதை, உடலாக மட்டும் பார்க்கப்படுவதை எதிர்க்கிறது. உடலின் விருப்பத்தையே அக்கவிதை துறப்பதாகக் கொள்வதற்கு அதில் இடமில்லை. தலைப்பே சுட்டுவதுபோல, அங்கு வழக்கில் நிறுத்தப்படுவது பார்ப்பவரின் பார்வை.