பழைய கணிப்பொறியும் புதிய பதிப்பும்

திருவொற்றியூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி, சென்ற பருவத்தில் ஒரு மடிக்கணினியோடு என்னிடம் வந்தாள். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவளுடைய அண்ணனுக்குக் கிடைத்தது அது. விண்டோஸ் 7 இயங்குதளம். நினைவகம் 2 ஜி.பி. இணையப் பக்கம் அமைக்கக் கற்றுவந்த அவளிடம், "மென்பொருள்களையெல்லாம் புதுப்பித்துவிடு" என்று சொல்லியிருந்தவன் நான்தான். முயன்று பார்த்தாள், நோட் மென்பொருளின் புதிய பதிப்பு ஏற மறுத்தது. "சார், புதுசுதான் வாங்கணுமா? அப்பா கடன் கேட்டுக்கிட்டிருக்கார்" என்றாள். அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுபவர். விடை தேடியபோது என் அறிவுரையே பிழை என்று கண்டேன்.

நடந்தது என்ன? விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த நோட் 14, விண்டோஸ் 8.1-க்கு முந்தியவற்றை ஏற்கவில்லை. 2023-இல் குரோம் உலாவியும் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. நிரல் எழுதப் பலரும் பயன்படுத்தும் வி.எஸ். கோட், குரோமின் அடிப்படையான குரோமியத்தைத் தனக்குள் கொண்டது. அதன் புதிய பதிப்புகளும் அதில் ஓடா.

இயங்குதளத்தை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பத்து வரி எழுதுவதற்கு ஒரு முழு உலாவியே உள்ளே இயங்குவதால், 2 ஜி.பி. நினைவகம் விரைவில் நிரம்பிவிடுகிறது. இடமில்லாத பகுதி வன்தட்டுக்குத் தள்ளப்படுகிறது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுக்கும்; வேண்டிய இடம் முனைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். நினைவகமோ ஏறத்தாழ ஒரு மில்லிவினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் விடை தருகிறது. ஐம்பதாயிரம் மடங்கு வேறுபாடு! "பழசு, அதனால் மந்தம்" என்று நாம் பழிப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான்.

இராயபுரம் ரயில் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். 1856-இல் அங்கிருந்து முதல் வண்டி புறப்பட்டபோது இருந்த அகலப்பாதையின் அளவே இன்றும் இருக்கிறது. நீராவி போய் மின்சாரம் வந்தும் பாதையின் அகலம் மாறவில்லை. இணையப் பக்கத்தின் மொழியான எச்.டி.எம்.எல்லும் அத்தகையதே. செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-களின் தொடக்கத்தில் அமைத்த பக்கங்களின் படிகள், இன்றைய உலாவியிலும் தடையின்றித் திறக்கின்றன. பாதை நிலைத்திருக்க, அதைப் போடும் கருவிகள்தாம் ஆண்டுதோறும் கனத்துக்கொண்டே போகின்றன.

அதற்காகப் புதுப்பித்தலே வேண்டாம் என்பதன்று என் வாதம். வலையோடு நேரே தொடர்புள்ள இயங்குதளத்தையும் உலாவியையும் புதுப்பித்தே ஆகவேண்டும்; ஆதரவு நின்ற மென்பொருளில் காணப்படும் ஓட்டைகள் அடைபடுவதில்லை. ஆனால் எழுதும் கருவி எளியதாக இருந்தால் போதும். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, "எல்லாவற்றிலும் கடைசிப் பதிப்பு" என்று சொன்னதே என் தவறு.

பிறகு செய்தது இதுதான். செயலி 64 பிட் வகை என்று உறுதி செய்துகொண்டு, இலேசான லினக்ஸ் ஒன்றை நிறுவினோம். வன்தட்டை எடுத்துவிட்டுச் சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். புதிய உலாவி ஒன்று, ஜீனி என்னும் சிறிய எழுதும் மென்பொருள் ஒன்று, இவ்வளவே. நோட் வேண்டியிருக்கவில்லை. தன் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நேரங்களைக் காட்டும் பக்கம் ஒன்றை அவள் அதிலேயே அமைத்தாள்.

பலர் கூடிச் செய்யும் பெரிய பணிகளுக்குக் கனத்த கருவிகள் தேவை. வேலைக்குப் போகும்போது அவளும் அவற்றைக் கற்பாள். அதற்குக் கல்லூரி ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆனால் தொடக்கப் பாடத்துக்கே அவற்றைக் கட்டாயமாக்கினால், நாம் சோதிப்பது மாணவரின் அறிவையன்று, பெற்றோரின் பணப்பையை. செய்முறைத் தாளில் "புதிய பதிப்பை நிறுவுக" என்று எழுதும் ஆசிரியர்கள், எந்தக் கணிப்பொறியில் என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படியொரு மடிக்கணினி தூசி படிந்து கிடந்தால், கடன் கேட்கப் போகுமுன் அதைத் திறந்து பாருங்கள்.