ஒப்பும் ஒப்பமும்: மலையாளத் திரைப்பெண்டிரின் வலையுரைகள் குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

இணையமும் சமூக ஊடகங்களும் பெண்களுக்குக் குரல் வழங்கின என்பது இன்று பெருவழக்காகிவிட்ட கூற்று. அக்குரல் பெண்களிடம் முன்பே இருந்தது என்பதை நாட்டார் வழக்காறுகளை அறிந்தோர் உணர்வர். எனவே வலைத்தளம் புதிதாகத் தந்தது யாது, அதனால் தர இயலாதது யாது என்பதே ஆராயத்தக்க வினாவாகும். மலையாளத் திரைத்துறைப் பெண்கள் 2017 முதல் வலையில் எழுதிய உரைகளையும் அவற்றின் தொடர்விளைவுகளையும் ‘ஒப்பு’ என்னும் சொல்லின் பொருள்வழி நின்று இக்கட்டுரை நோக்குகிறது.

நிகழ்வுகள்

2017 பிப்ரவரியில் முன்னணி நடிகை ஒருவர் கொச்சிக்கு வரும் வழியில் காரில் கடத்தப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். (இவ்வழக்கில் 2025 டிசம்பரில் எறணாகுளம் முதன்மை அமர்வு நீதிமன்றம் அறுவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது, சதிக்குற்றம் சாட்டப்பெற்ற நடிகரை விடுவித்தது.) இந்நிகழ்வை அடுத்து, நடிகையரும் இயக்குநர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் கூடி ‘விமன் இன் சினிமா கலெக்டிவ்’ என்னும் அமைப்பை உருவாக்கினர். 2017 மே மாதம் அவர்கள் திருவனந்தபுரத்தில் முதலமைச்சரைச் சந்தித்து முறையிட்டனர். அதன் பயனாக நீதிபதி கே. ஹேமா தலைமையில், நடிகை சாரதா, ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அலுவலர் கே.பி. வத்சலகுமாரி ஆகியோரைக் கொண்ட குழு அமைந்தது. 31.12.2019இல் அளிக்கப்பெற்ற அதன் அறிக்கை, நான்கரை ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் இருந்து, தகவல் ஆணையத்தின் ஆணையை ஒட்டி, சில பகுதிகள் நீக்கப்பெற்று 19.08.2024இல் வெளிவந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் இக்கோரிக்கை மறக்கப்படாதிருந்தமைக்கு இவ்வமைப்பினரின் முகநூல் உரைகளும் ஒரு காரணம் எனலாம். அக்காலத்தில் வலையெங்கும் பரவிய தொடர் ‘அவள்க்கொப்பம்’ என்பதாகும்.

ஒப்பு: சொல்லும் பொருளும்

மலையாளத்தில் ‘ஒப்பம்’ என்பது உடனிருத்தலைக் குறிக்கும். ஆகவே ‘அவள்க்கொப்பம்’ என்பதற்கு ‘அவளோடு’ என்பது பொருள். அம்மொழியில் ‘ஒப்பு’ என்பது கையெழுத்து. தமிழில் ‘ஒப்பம்’ கையெழுத்தைக் குறிக்க, ‘ஒப்பு’ நிகர்மையையும் உடன்பாட்டையும் சுட்டுகிறது. பேச்சுவழக்கில் ‘ஒப்பு வைத்து அழுதல்’ என்பது இழவு வீட்டில் பெண்கள் பாடி அழுவதாகும். ஒப்பாரி என்னும் பெயரை ஒப்பு + ஆரி எனப் பிரித்துப் பொருள் காண்பர். உடனிருத்தல், ஒத்து அழுதல், பெயரெழுதி உறுதி செய்தல் என இம்மூன்று பொருள்களும் திரைப்பெண்டிரின் வரலாற்றில் அடுத்தடுத்து வெளிப்படுதல் நோக்கத்தக்கது.

ஒப்பாரியும் வலையுரையும்

ஒப்பாரியில் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொள்வர். ஒருத்தி தொடங்க மற்றவர் தொடர்வர். இறந்தவரை முன்னிறுத்திப் பாடினும், பிறந்த வீட்டின் புறக்கணிப்பு, புகுந்த வீட்டின் கொடுமை எனத் தத்தம் துயரையே அவர்கள் பெரிதும் பாடுகின்றனர். அங்கே எவரும் சான்று கேட்பதில்லை. பிறரது இழவு, தன் துயர் சொல்லும் வாய்ப்பாகிறது.

வலையுரைகளும் இவ்வமைப்பையே கொண்டுள்ளன. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி ட்விட்டரில் தமக்கு நேர்ந்ததை எழுதியதோடு, பெயர் வெளியிட விரும்பாத பெண்கள் பலரின் கூற்றுகளையும் தம் பக்கத்தில் வெளியிட்டார். ஒருத்தி தொடங்கப் பிறர் தொடரும் ஒப்பாரி முறையே இது. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. ஒப்பாரி சடங்கு முடிந்ததும் காற்றில் கரைந்துவிடும், வலையுரை நிலைத்திருக்கும். ஒப்பாரி வட்டத்துள் அயலார் புகார். வலையிலோ எவரும் புகலாம். 2017 டிசம்பரில் திருவனந்தபுரம் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் நடிகை பார்வதி ஒரு படத்தின் பெண்ணிழிவைச் சுட்டிப் பேசியதும் வலையில் அவர்மீது பொழிந்த வசைமாரி இதற்குச் சான்று. பெண்ணுக்குத் துணைதந்த அதே களம் பகையையும் திரட்டித் தந்தது.

கூடுமிடம்

கூட்டம் திரள வலைத்தளம் இன்றியமையாததா என்னும் வினா இங்கு எழுகிறது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி வைத்துப் போராடினர். 10 விழுக்காடாகக் குறைக்கப்பெற்ற போனஸை, கருணைத்தொகையையும் சேர்த்து 20 விழுக்காடாகப் பெற்றனர். ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே காட்டில் கொழுந்தெடுப்போர்க்கு ஒருவர் துயரை ஒருவர் அறியும் இடம் முன்பே அமைந்திருந்தது. திரைத்தொழிலின் இயல்பு வேறு. படந்தோறும் இடமும் குழுவும் மாறும். பலவிடத்தும் பெண்கள் தனித்தனியே பணியாற்றுவர். தன் படப்பிடிப்பில் நேர்ந்தது வேறொரு படப்பிடிப்பிலும் நேர்ந்தது என அறிய அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. வலைத்தளம் அவர்களுக்கு லயமாயிற்று. அது தந்த புதுமை குரலன்று, கூடுமிடமே.

பெயரும் பெயரின்மையும்

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. பெயர் மறைவதால் ஒருத்தியின் கூற்று எல்லாரது கூற்றாகிறது. பெயர் வருமாயின் அது புறமாம். ஹேமா குழு அறிக்கையைத் தமிழாய்வாளர் இம்மரபின் துணையோடு படிக்க இயலும். பெயர்கள் மறைக்கப்பட்டமையால், கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இன்மை முதல் வாய்ப்புக்கு ஈடாக உடலைக் கோருதல் வரை அனைத்தும் ஒரு துறையின் பொது இயல்பாகப் புலப்பட்டன.

அறிக்கை வெளிவந்தபின் சட்டம் கையொப்பம் கேட்டது. அறிக்கையிலுள்ள கூற்றுகளின் அடிப்படையில் வழக்குகள் பதிவாயின. குழுவிடம் பேசியோருள் சிலர் அதனை ஏற்காது உச்சநீதிமன்றம் வரை சென்றனர். வாக்குமூலம் தர முன்வருவோர் இன்மையால் இவ்வழக்குகளின் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டதென 2025 ஜூனில் அரசு கேரள உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதனைப் பெண்களின் தயக்கமாகவோ கூற்றின் பொய்ம்மையாகவோ கொள்வது பொருந்தாது. அகமாகச் சொல்லப்பட்ட ஒன்று, சொன்னவரைக் கேளாமல் புறமாக்கப்பட்டமையின் விளைவு அது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. சட்டத்தின் பாதுகாப்பால் ஐந்தாண்டுகளாகப் பெயர் சுட்டப்படாதிருந்த அந்நடிகை, 2022 சனவரியில் தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தம் பெயராலேயே எழுதினார். அவ்வாண்டு மார்ச்சில் திருவனந்தபுரம் நிசாகந்தி அரங்கில் திரைப்பட விழாத் தொடக்கத்தில் மேடையேறினார். எப்பொழுது ஒப்பமிடுவது என்பதை அவரே முடிவு செய்தார்.

நிறைவுரை

வலைச்சமூகம் பெண்ணுக்கு அளிக்கும் வலிமை, கையொப்பமிடும் முன்னரே பேசவும், பேசியபின் உடனிருப்போரைக் காணவும் இயலுதலில் உள்ளது. கையொப்பத்தை முதல் நிபந்தனையாக்கும் எந்த அமைப்பும் அவ்வலிமையை இழக்கச் செய்யும். இவ்வுரைகள் இனித் தமிழிலும் மலையாளத்திலும் தொகுக்கப்படும், பாடத்திட்டங்களிலும் இடம்பெறலாம். ஒப்பாரிகளைப் பதிவு செய்த காலத்தில், பாடியவரின் பெயரைச் சேர்ப்பதும் விடுப்பதும் பெரும்பாலும் தொகுப்பாளரின் விருப்பமாகவே இருந்தது. வலையுரைகளைத் தொகுப்போர் அம்முறையைத் தொடர்தல் தகாது. பெயரோடு எழுதியவரைப் பெயரோடும், பெயரின்றி எழுதியவரைப் பெயரின்றியும் பதிவு செய்வதே நெறியாகும்.