திருமுக்கூடற் கல்வெட்டில் பெண்டிர் கூலி

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தே அமைந்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று உளது. 15 படுக்கைகளையுடைய ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலையைப் பற்றி அது கூறுகின்றது. சோழர்கால மருத்துவச் சிறப்பிற்குச் சான்றாக அதனைப் போற்றுதல் பொருத்தமே. ஆயினும், அது வகுக்கும் கூலிக்கணக்கினை எடையிட்டு நோக்குதலும் வேண்டும்.

மூலிகை பறித்து, விறகிட்டு, மருந்தடுவார் இருவர்க்கு ஆண்டிற்கு நெல் 60 கலம், காசு 2. நோயாளரைப் பேணி மருந்தடும் பெண்டுகள் இருவர்க்கு நெல் 30 கலம், காசு 1. முன்னையோரைப் பெண்டுகள் எனச் சுட்டாமையின் ஆடவர் எனக் கொள்வதே பொருந்தும். நெல்லால் அளப்பினும் காசால் அளப்பினும் பெண்டிர் பெற்றது சரிபாதியே.

ஆடவர் பணி கடுமையுடைத்து, அதனால் கூலி மிகுந்தது எனின், அது பொருந்தாது. மருந்தடுதல் இரு திறத்தார்க்கும் பொது. விறகும் மூலிகையும் அவர்க்கு மிகையெனின், நோயாளரைப் பேணுதல் இவர்க்கு மிகை. மேலும், அறுவை மருத்துவர் ஒருவர்க்கு வகுத்த நெல்லும் 30 கலமே. விறகிட்டவர் ஒருவர் பெற்றதும் அதுவே. கற்றுத் தேர்ந்த கைக்கும் விறகு சுமந்த கைக்கும் நெல் ஒத்திருக்க, நோயாளரைப் பேணிய கைக்கு மட்டும் பாதியாயிற்று. ஆகவே, வேறுபாட்டின் காரணம் தொழிலின் அருமையன்று, செய்வாரின் பாலே எனக் கருத இடமுண்டு.

இதன் விளைவு பணியிடத்தோடு நில்லாது. மகவு பிறந்தவிடத்தும் முதியோர் நோயுற்றவிடத்தும் கணவன் மனைவியருள் ஒருவர் தொழிலை விட நேரின், குறைந்த கூலியுடையார் விடுதலே சிக்கனமெனத் தோன்றும். பணியிடத்துப் பாதிக்கூலி மனையகத்தே மனைவியின் தியாகம் எனப் பெயர் மாறுகின்றது. அதனை அன்பின் மிகுதி எனப் புகழ்வோர் கணக்கினைக் காணாதவராவர்.

ஊதியம் ஒத்தவிடத்தும் இச்சார்பு ஒழிந்திலது. இந்திய அயலுறவுப் பணியில் பெண் அலுவலர் மணம்புரிய அரசின் இசைவு பெறல் வேண்டும் என்னும் விதி இருந்தது. மணத்தால் கடமைக்கு இடையூறு நேரின் பணி துறக்கச் செய்யவும் அது இடந்தந்தது. சி. பி. முத்தம்மா தொடுத்த வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் அதனைக் கண்டித்தது. ஆடவர்க்கு இடையூறாகாத மணம் பெண்டிர்க்கு மட்டும் ஆவது எங்ஙனம்?

ஒத்த பணிக்கு ஒத்த ஊதியம் என்பது அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு காட்டும் நெறி. அந்நெறி நிலைபெற்றாலன்றி, விட்டுக்கொடுப்பவர் யாவர் என்பதனை இருவரும் ஒத்து நின்று முடிவு செய்தல் அரிது. திருமுக்கூடற் கல்வெட்டினைப் பெண்ணுழைப்பிற்கு இட்ட விலையின் சான்றாகவும் கற்றல் நம் கடனாகும்.