பதிவேட்டில் ஒரு மணமகள்

மதச் சுதந்திரம் என்று சொல்லும்போது யாருடைய சுதந்திரத்தைச் சொல்கிறோம்? மடத்தினுடையதா, சபையினுடையதா, ஜமாஅத்தினுடையதா, இல்லை சாமி கும்பிடப் போகிற ஆளினுடையதா? தூத்துக்குடியில் ஒரு பதிவாளர் அலுவலக மேசைமேல் இந்தக் கேள்வி வந்து விழுந்தது. 2018 அக்டோபர் 31ஆம் தேதி அந்த ஊர் சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஓர் ஆண். பெண் ஒரு திருநங்கை. (பெயர்கள் தீர்ப்பில் இருக்கின்றன, நமக்கு இங்கே வேண்டாம்.) இந்து முறைப்படி கல்யாணம் முடிந்தாயிற்று. பதிவு செய்யப் போனால் இணைச் சார்பதிவாளர் முடியாது என்கிறார். மேல்முறையீட்டில் மாவட்டப் பதிவாளரும் அதையே சொல்கிறார். 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் வருகிற 'மணமகள்' என்ற சொல், கல்யாண நாளில் இருக்கிற ஒரு 'பெண்'ணை மட்டுமே குறிக்கும் என்பது நீதிமன்றத்தில் அரசுத் தரப்பின் வாதம். அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை வெளியே தள்ளுகிற வேலை. நம் இலக்கிய விமர்சகர்களுக்கும் பழக்கமான வேலைதான்.

2019 ஏப்ரல் 22ஆம் தேதி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்த வாதத்தைத் தள்ளினார். சொல்லின் அர்த்தம் சட்டம் எழுதிய நாளோடு உறைந்துவிடாது, திருநங்கையும் மணமகள்தான், பதிவு செய்யுங்கள் என்றார். பத்திரிகைகள் இதைத்தான் எழுதின. ஆனால் அதே தீர்ப்பில், அதிகம் பேசப்படாமல் போன ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதைத்தான். பதிவு மறுக்கப்பட்டதால் இந்த இருவருக்கும் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிற உரிமை, அதாவது மதச் சுதந்திரம், மீறப்பட்டிருக்கிறது என்கிறார் நீதிபதி. கல்யாணத்தைச் சட்டப்படியான ஒப்பந்தமாகவும் செய்துகொள்ளலாம், சடங்காகவும் செய்துகொள்ளலாம். இவர்கள் கோயிலில் சடங்காகச் செய்துகொண்டவர்கள்.

இதன் கனம் தெரிய வேண்டுமென்றால் சில வருஷம் பின்னால் போக வேண்டும். 2009 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் யார்? ஒரு ஜோதிடர், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், உத்கல் கிறிஸ்தவக் கவுன்சில், அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டணி. வேறு எந்த விஷயத்தில் இவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள், சொல்லுங்கள்? 2013 டிசம்பர் 11இல் ஜெயிக்கவும் செய்தார்கள். 2018 செப்டம்பர் 6 வரை அந்த ஜெயம் நின்றது. அங்கே மதம் நிறுவனத்தின் குரலில் பேசியது. ஆறு வருஷம் கழித்துத் தூத்துக்குடி வழக்கில் அதே மதம் ஒரு திருநங்கையின் குரலில் பேசியிருக்கிறது. பொதுப்புத்தி மாறுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

முத்துக்குளித்துறைக்கு மதச் சுதந்திரம் புதுச் சங்கதி இல்லை. 1530களில் பரதவர்கள் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவர்களானதற்கு ஆன்மாவின் தாகம் மட்டும் காரணமில்லை. முத்துச் சலாபம் யார் கையில் இருப்பது என்கிற சண்டையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு வேண்டியிருந்தது. சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542இல். பழைய திருநெல்வேலி ஜில்லாவின் மேற்கு ஓரத்தில் 1981இல் மீனாட்சிபுரத்துத் தலித்துகள் இஸ்லாத்துக்குப் போனார்கள். இரண்டு கதைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் தென்கோடியில் மதச் சுதந்திரம் என்றால் பெரும்பாலும் வெளியேறுகிற உரிமையாகத்தான் இருந்திருக்கிறது. சகிக்க முடியவில்லை, போகிறேன். சங்கரராமேஸ்வரர் கோயிலில் கழுத்தை நீட்டியவர் கேட்டது வேறு: நான் எங்கேயும் போகவில்லை, என் சாமி முன்னால் என் கல்யாணம் நடந்தது, அதை எழுதிக்கொள்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். கோயில் எதற்கு, தாலி எதற்கு, புரோகிதர் எதற்கு? அண்ணா காலத்தில், 1967இல், சுயமரியாதைத் திருமணத்துக்கென்றே இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்த மாநிலம் இது; மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதுமே என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வைக்கத்தில் கோயில் தெருவுக்காகப் பெரியார் சிறைக்குப் போனது அவருக்குச் சாமி கும்பிட ஆசையிருந்ததாலா? நமக்கு வேண்டாத கதவு என்பதால் அது அடுத்தவருக்கு அடைத்துக் கிடக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. திருநங்கை என்றால் அவர் புரட்சிக்காரியாகத்தான் இருந்தாக வேண்டும், பக்தையாக இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை அதிகாரமே.

தீர்ப்போடு எனக்குள்ள தகராறு வேறு. அது இதிகாசங்களைத் துணைக்கு அழைக்கிறது. 2014இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அரவான் கதையைச் சொன்னது. பழசில் இடம் இருந்தது, ஆகவே புதுசிலும் இடம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழசு கொடுத்த இடம் என்ன? கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறவர்கள் மறுநாளே தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலைக்கு மாறுகிறார்கள். திருநங்கைக்கு மரபு ஒரு ராத்திரிக் கல்யாணத்தையும் ஆயுளுக்கும் ஒப்பாரியையும் கொடுத்தது. அந்தக் கண்ணீரை நான் கேலி பேசவில்லை, அங்கே கூடுகிறவர்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பது தெரியும். தூத்துக்குடியில் கட்டிய தாலியோ மறுநாள் காலை அறுப்பதற்கில்லை. ரேஷன் கார்டில் ஏற வேண்டும், வாரிசுச் சான்றிதழில் ஏற வேண்டும். பதிவாளர் மிரண்டது இதைப் பார்த்துத்தான். அரவானை வைத்து இந்தக் கல்யாணத்துக்கு நியாயம் தேட முடியாது, இது அரவான் கதைக்கு மறுப்பு.

இதிகாசம்தான் சாட்சி என்றால், அந்தச் சாட்சி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அதே ஊரில் பனிமய மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றுகிற திருநங்கைக்கு எந்த மோகினி வரப்போகிறாள்? 2023 நவம்பரில் ரோமாபுரி வெளியிட்ட ஒரு கேள்வி-பதிலின்படி திருநர்கள் திருமுழுக்குப் பெறலாம், நிபந்தனைகளோடு ஞானப் பெற்றோராகலாம், கல்யாணத்துக்குச் சாட்சியாக நிற்கலாம். சாட்சியாக! மணமகளைப் பற்றி அதில் பேச்சில்லை. அதற்குச் சில வாரம் முன்னால், அக்டோபர் 17இல், நம் உச்ச நீதிமன்றம் ஆண்-பெண் உறவில் இருக்கிற திருநர்கள் தனிநபர் சட்டங்களின் கீழும் மணந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது, பீடம் வரவில்லை. அதே தீர்ப்பு ஒருபால் இணைகளுக்குத் திருமண உரிமை இல்லை என்றும் கைவிரித்தது.

பார்வை மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. வாய் கூசாமல் வசைச்சொல் சொல்லிக்கொண்டிருந்தோம், அரவாணி என்றோம், திருநங்கை என்று சொல்லப் பழகினோம். 2008இல் நலவாரியம் வந்தது. இதே தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டி பக்கத்து மந்தித்தோப்பில், 2020இல் திருநங்கைகளே ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். பால் கணக்கில் பெயர் ஏறுவது சுலபமாக இருக்கிறது. வீட்டுக்குள்ளும் சந்நிதியிலும் ஏறுவதற்குத்தான் வழக்குப் போட வேண்டியிருக்கிறது.

2025 மே மாதம், அதே சுவாமிநாதனும் நீதிபதி வி. லட்சுமிநாராயணனும் இருந்த அமர்வு, வீட்டாரால் பிரிக்கப்பட்ட இரண்டு பெண்களின் வழக்கில், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இணைகள் தங்களுக்குள் குடும்ப உறவுப் பத்திரம் எழுதிப் பதிந்துகொள்ள வழிசெய்யலாம் என்று யோசனை சொல்லியிருந்தார். நல்ல யோசனை, புராணமும் வேண்டாம், புரோகிதரும் வேண்டாம். ஆனால் தூத்துக்குடி மணமகளைப்போல, எனக்குப் பத்திரம் போதாது, என் சாமி முன்னால்தான் வேண்டும் என்று அந்த இரண்டு பெண்கள் சங்கரராமேஸ்வரர் கோயில் வாசலில் வந்து நின்றால், 25ஆம் பிரிவு அவர்களுக்காக வாய் திறக்குமா?